கரி தேடப் போய் ஐஸ் எடுத்த கதை

கும்பினி சர்க்காருக்கு 1850-களில் பெரிய கவலை கரி. பம்பாயில் 1853-லும் ஹவுராவில் அடுத்த ஆண்டும் ரயில் விட்டாகிவிட்டது. கங்கையில் நீராவிப் படகுகள் புகை கக்கிக்கொண்டு போய்வந்தன. அத்தனையும் கரி தின்னும் பிராணிகள். இங்கிலாந்துக் கரியைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து எரித்தால் பாய்லரோடு சேர்த்துப் பங்குதாரர்களின் வயிறும் எரியும். ஆகவே 1851-ல் டப்ளினிலிருந்து தாமஸ் ஓல்டாம் என்பவரை வரவழைத்து, புவியியல் ஆய்வுத் துறை என்று ஒரு பலகை மாட்டி, கரி எங்கே இருக்கிறது, சொல்லும் என்று உட்கார வைத்தார்கள்.

ஓல்டாமுக்கு ஆள் போதவில்லை. 1855 கடைசியில் லண்டனிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்து இறங்கினார்கள். மூத்தவர் வில்லியம் பிளான்போர்டுக்கு வயது 23. இளையவர் ஹென்றிக்கு 21. அந்த வயதுப் பிள்ளையைத் தனியாக விழுப்புரத்துக்கு அனுப்பவே நம் வீட்டு அம்மாக்கள் நான்கு முறை யோசிப்பார்கள். ஓல்டாம் ஒரு முறைகூட யோசித்ததாகத் தெரியவில்லை. வில்லியம் தியோபால்டு என்ற மூன்றாமவரையும் சேர்த்து, ஒடிசாவில் பிராமணி ஆற்றங்கரையில் இருந்த தால்ச்சேர் சமஸ்தானத்துக்கு அனுப்பிவிட்டார். வேலை ரொம்ப எளிது. கரி எங்கே, எவ்வளவு, எத்தனை ஆழத்தில் என்று பார்த்து எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும்.

பையன்கள் கரியையும் பார்த்தார்கள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. கரிப் படிவங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்கள். வம்பு அங்கே ஆரம்பித்தது.

கரிக்குக் கீழே பச்சை நிறத்தில் நுண்ணிய சேறு இறுகிப் பாறையாகிக் கிடந்தது. நகத்தால் கீறினால் மாவாக உதிரும் ரகம். அந்த மெல்லிய சேற்றுக்குள் கருங்கல், நைஸ் என்று ஆளுயரப் பாறைகள் சம்மந்தமே இல்லாமல் செருகிக் கிடந்தன. கூழாங்கல்லும் பாறாங்கல்லும் மணலும் சேறும் ஒரே பந்தியில், சாதி பேதம் பார்க்காமல்.

இதில் என்ன அதிசயம், ஆறு அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இருக்கும்போது பெரிய கல்லையும் உருட்டும். வேகம் குறையக் குறைய முதலில் பாறாங்கல், பிறகு கூழாங்கல், பிறகு மணல், கடைசியில் சேறு என்று தரம் பிரித்து இறக்கிவைக்கும். ஆளுயரக் கல்லை உருட்டும் வெள்ளம் சேற்றை அங்கே தங்க விடாது. சேறு படியும் அளவுக்கு அமைதியான தண்ணீரால் அந்தக் கல்லைச் சுண்டுவிரல் அகலம்கூட நகர்த்த முடியாது. தரம் பார்க்காமல் எல்லாவற்றையும் சுமந்துவந்து ஒரே இடத்தில் கொட்டுவதில் பேர்போன ஆசாமி ஒருவன் உண்டு: பனிக்கட்டி. வீடு மாற்றும் லாரி மாதிரி அவன் பீரோவையும் ஊசிப்பெட்டியையும் ஒன்றாகவே ஏற்றுவான், ஒன்றாகவே இறக்குவான்.

இடம் கடக ரேகைக்குத் தெற்கே. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். அங்கே நின்றுகொண்டு இங்கே ஐஸ் இருந்தது என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். 1856-ல் துறை வெளியிட்ட முதல் ஆய்வுத் தொகுதியிலேயே பையன்கள் அதை எழுதிவிட்டார்கள். ஆனால் முழுப் பனியாறு என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஆற்றுப் படுகையின் அடியில் உறையும் பனிக்கட்டியாக இருக்கலாம், அது கல்லைக் கவ்விக்கொண்டு மிதந்து வந்திருக்கலாம் என்று விலையைக் கொஞ்சம் குறைத்தே பேசினார்கள்.

இந்த ஐஸ் பைத்தியம் அவர்களுக்கு எங்கே பிடித்தது? லண்டன் சுரங்கக் கல்லூரியில். அங்கே புவியியல் சொல்லிக்கொடுத்த ஆண்ட்ரூ ராம்சே, 1855-ல்தான் இங்கிலாந்தின் உஸ்டர்ஷயர் பக்கத்துப் பெர்மியன் காலக் கற்குவியல்களைக் காட்டி, இவை பனியாறு கொண்டுவந்தவை என்று ஒரு கட்டுரை படித்திருந்தார். வேடிக்கை என்னவென்றால் வாத்தியார் சொன்னது தவறு. அந்தக் கற்கள் பழைய பாலைவனத்தில் திடீர் வெள்ளம் உருட்டித் தள்ளியவை என்று பின்னால் முடிவாயிற்று. வாத்தியார் பாலைவனத்தில் ஐஸைக் கண்டார், அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்த மாணவர்கள் ஒடிசா வெயிலில் ஐஸைக் கண்டார்கள். மாணவர்கள் பாஸ். கல்வியின் மகிமை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவிலேயே அப்போது ஐஸுக்கு மரியாதை கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. 1837-ல் ஸ்விட்சர்லாந்தின் நூஷாட்டல் நகரில், மீன் புதைபடிவங்களைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்த லூயி அகாசி, எழுந்து நின்று ஐரோப்பா முழுக்க ஒருகாலத்தில் பனிக்கு அடியில் கிடந்தது என்று போட்டார் ஒரு போடு. பேராசான் ஹம்போல்ட் அவருக்குக் கடிதம் எழுதி, தம்பி, நீ மீனுக்கே திரும்பிப் போ என்ற பொருளில் புத்தி சொன்னார். அகாசி கேட்கவில்லை. கேட்காதது நல்லதாயிற்று. ஆனால் வெற்றி தலைக்கேறிவிட்டது. 1865-ல் பிரேசிலுக்குப் போய், அமேசான் காட்டிலும் பனியாறு ஓடியது என்றார். அவர் கண்ட குவியல்கள் வெப்பத்திலும் மழையிலும் மக்கிய மண். இதில் கொடுமை, தெற்கு பிரேசிலில் நிஜமாகவே பனியாறு விட்டுச் சென்ற பாறைகள் இருக்கின்றன, 30 கோடி ஆண்டுப் பழையவை. மனிதர் அவற்றை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறார்.

அகாசியின் பனி நேற்றுப் பெய்தது, சில பத்தாயிரம் ஆண்டுக் கணக்கு. பிளான்போர்டு சகோதரர்களின் பனியோ இறுகிய பாறைக்குள், கரிப் படிவங்களுக்கும் கீழே கிடக்கிறது. பூமி பிறந்தபோது உருகிய குழம்பாக இருந்து மெல்ல மெல்ல ஆறிவருகிறது என்பது அந்தக் காலத்து வேதவாக்கு. அப்படியானால் பின்னால் போகப் போகச் சூடு கூடத்தானே வேண்டும்? கரி உண்டான காலத்துக்கும் முன்னால், அதுவும் வெப்பமண்டலத்தில் ஐஸ் என்றால் கணக்கே இடிக்கிறது. நம்ப மறுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களிடம் நல்ல சித்தாந்தம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். கையில் நல்ல சித்தாந்தம் உள்ளவனுக்கு எதிரே கிடக்கும் கல் தெரியாது.

கல்லும் சும்மா இருக்கவில்லை. 1872-ல் துறையைச் சேர்ந்த பிரான்சிஸ் ஃபெடன், இன்றைய மகாராஷ்டிரத்தில் சந்திரபூருக்கு அருகே இராய் என்ற கிராமத்துப் பக்கம் போனார். தால்ச்சேரில் பார்த்த அதே கற்குவியல் அங்கேயும் இருந்தது. அதன் அடியில் இருந்த பழைய சுண்ணாம்புப் பாறைத் தரையைப் பார்த்தார். தரை வழவழவென்று மெருகேறியிருந்தது. மெருகின் மேல் நீளநீளமாக, ஒன்றுக்கொன்று இணையாகக் கீறல்கள், சில இடங்களில் விரல் பதியும் பள்ளங்கள். மேலே கிடந்த கற்களை எடுத்துத் திருப்பினால் அவற்றிலும் ஒருபக்கம் தேய்ந்து தட்டையாகிக் கீறல் விழுந்திருந்தது. பனியாற்றின் அடிவயிற்றில் சிக்கிய கல் தரையைக் கீறும், தரை கல்லைத் தேய்க்கும். இருவர் உடம்பிலும் ஒரே சண்டையின் தழும்பு. ஆறு கல்லை உருட்டி உருண்டையாக்கும், இப்படி ஒருபக்கமாக வைத்து இழைக்காது. குற்றவாளி கைரேகை வைத்துவிட்டுப் போன மாதிரி தடயம். அப்படியும் 1875-ல் ஃபெடன் எழுதிய குறிப்பின் தலைப்பில் ஆற்றடிப் பனி என்ற பழைய தள்ளுபடி விலைதான் இருந்தது.

இதற்குள் மற்ற ஊர்க்காரர்களும் பங்காளிகளாக வந்து சேர்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ட்வைக்கா என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்படும் அதே ஜாதிப் பாறையை, ஆண்ட்ரூ கெடஸ் பெய்ன் எரிமலைக் குழம்பு என்று எழுதிவைத்திருந்தார். பனியை நெருப்பு என்று பதிந்ததைவிடப் பெரிய தவறு செய்ய இடமே இல்லை. 1870-ல் நேட்டாலில் இருந்த சதர்லாண்டு, அது நெருப்பில்லை ஐயா, பனி என்று திருத்தினார். 1877-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் பக்கத்தில், ஹாலட் கோவ் கடற்கரைக் குன்றின் மேல் ரால்ஃப் டேட் கீறல் விழுந்த பாறைத் தளத்தைக் கண்டுபிடித்தார். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லிக்கு அருகே, வால் ஆற்றங்கரையில் நூய்ட்கெடாக்ட் என்ற இடத்தில் பனி இழைத்த பாறைத் தளத்தின் மேல் பழங்குடி மக்கள் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி மெருகேற்றிக் கொடுத்த பலகையை வீணாக்காமல் பயன்படுத்தியவர்கள் அவர்கள்தான். மற்றவர்கள் அதைப் பற்றிச் சண்டை மட்டும் போட்டார்கள்.

இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா. நான்கு இடத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பனி, அதன் மேலே ஒரே மாதிரிச் செடிகளின் புதைபடிவங்கள். இதை எப்படி விளக்குவது? இங்கேதான் அறிஞர் பெருமக்களின் கற்பனை வளம் களைகட்டியது. துருவத்தை நகர்த்திப் பார்த்தார்கள், பூமியின் அச்சைச் சாய்த்துப் பார்த்தார்கள், கடலுக்கு நடுவே கண்டங்களை எழுப்பி வேலை முடிந்ததும் மூழ்கடித்தார்கள். அசைக்கவே கூடாது என்று எல்லோரும் கட்டுப்பாடாக இருந்தது ஒன்றே ஒன்றைத்தான்: காலடியில் இருந்த நிலத்தை.

மூழ்கடித்தவர்களில் நம் ஹென்றி பிளான்போர்டும் ஒருவர். 1875-ல் அவர் எழுதிய கட்டுரை, இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் இருந்தது என்றது. 1864-ல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியல்காரர், மடகாஸ்கரின் லெமூர் குரங்குகளுக்கு நடந்துபோக வழி வேண்டுமே என்று லெமூரியா என்று ஒரு நிலத்தை ஏற்கெனவே கடலில் போட்டுவைத்திருந்தார். லெமூரியா என்றதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. ஆம், அதே லெமூரியாதான். குரங்குக்கும் செடிக்கும் போட்ட பாலத்தின் மேல் பிற்பாடு நாம் பாண்டிய மன்னர்களைக் குடியேற்றி, சங்கம் வைத்து, நாற்பத்தொன்பது நாடு பிரித்துப் பட்டா கொடுத்தோம். ஒடிசாச் சேற்றில் கல் பொறுக்கியவரின் யோசனைக்கு இப்படி ஒரு தமிழ்ப் பேரன் பிறப்பான் என்று ஹென்றி கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவர் தமிழ்நாட்டுக்கு அந்நியரும் இல்லை. தால்ச்சேர் முடிந்த கையோடு திருச்சி, அரியலூர்ப் பக்கத்துக் கிரிட்டேசியஸ் பாறைகளை அளந்து 1862-ல் அறிக்கை வெளியிட்டவர் அவரே.

1885-ல் ஆஸ்திரியாவின் எடுவார்டு சூயஸ் மொத்தமாக ஒரே பெரிய கண்டத்தைக் கட்டி அதற்குக் கோண்ட்வானா நிலம் என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கோண்டு பழங்குடிகளின் பூமி, உலகத் தென்பாதிக்கே பெயராயிற்று. கோண்டுகளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. ராயல்டியும் தரவில்லை. சூயஸின் கண்டமும் பழைய வழக்கப்படி நடுநடுவே கடலில் மூழ்கிப் போனதாகத்தான் ஏற்பாடு.

இதற்கிடையில் கனடாவில் இன்னொரு கூத்து. ஒண்டாரியோவில் கோபால்ட் என்ற ஊரில் 1903-ல் ரயில் பாதை போடும்போது வெள்ளி கிடைத்தது. வெள்ளிக்காக உலகமே ஓடிய அந்த ஊருக்கு டொரன்டோப் பேராசிரியர் ஆர்தர் கோல்மன் போய், வெள்ளியை விட்டுவிட்டுச் சேற்றுப்பாறையில் கீறல் விழுந்த கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். 1907-ல், ஹியூரோனியன் காலத்திலேயே ஒரு பனியுகம் இருந்தது என்று எழுதினார். இன்றைய கணக்கில் அந்தப் பாறைக்கு வயது 200 கோடி ஆண்டுக்கும் மேல். பூமி கொதித்துக்கொண்டிருக்க வேண்டிய குழந்தைப் பருவத்தில் ஐஸ்! உருகிய குழம்பு மெல்ல ஆறியது என்ற வேதவாக்குக்கு அதன் பிறகு எழுந்து நடக்கத் தெம்பில்லை. 70 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமத்திய ரேகை வரைக்கும் பூமியே பனிப்பந்தாகிவிட்டது என்று 1992-ல் ஜோசஃப் கிர்ஷ்விங்க் பெயர் வைத்த விவகாரமும் உண்டு. அது தனிக் கச்சேரி.

கோல்மன் மலையேறி, ஓவியர், கால் தரையில் நிற்காதவர். இந்தியாவுக்கும் வந்தார். ஃபெடனின் கீறல் பாறையைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்துத் தொடக்கத்திலும் வியர்க்க வைக்கும் ஒரு மாலையில், இங்கே ஆயிரக்கணக்கான அடிப் பனியைக் கற்பனை செய்வது எத்தனை கஷ்டம், பழைய ஆட்கள் இதை எதிர்த்ததில் வியப்பில்லை என்ற பொருளில் எழுதினார். 200 கோடி ஆண்டுப் பனியை நம்பிய அதே கோல்மன், கண்டம் நகர்கிறது என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை.

அந்த எல்லையைத் தாண்டியவர் புவியியல்காரரே அல்ல. ஆல்ஃப்ரெட் வேகனர் ஜெர்மன் வானிலைக்காரர். 1912-ல் சொற்பொழிவாகவும் 1915-ல் புத்தகமாகவும் அவர் சொன்னது இதுதான்: கண்டங்களை மூழ்கடிக்காதீர்கள், சேர்த்து வையுங்கள். தென்கண்டங்கள் நான்கையும் அண்டார்க்டிகாவோடு ஒட்டிவைத்தால், சிதறிக் கிடந்த பனித் தடங்கள் எல்லாம் தென்துருவத்தைச் சுற்றி ஒரே கூட்டமாக வந்து சேர்கின்றன. பிரேசிலில் பனி கடலிலிருந்து ஏறிக் கரைக்கு வந்ததாகக் கீறல்கள் காட்டின. அட்லாண்டிக்கை மூடிப் பாருங்கள், கடல் இருந்த இடத்தில் ஆப்பிரிக்கா நிற்கிறது, பனி அங்கிருந்து வந்திருக்கிறது. பின்னர் மாமனார் கோப்பனோடு சேர்ந்து 1924-ல் பழங்காலப் பருவநிலைகளைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

இதில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. ஹென்றி பிளான்போர்டு பாறைத் துறையை விட்டுவிட்டுக் கல்லூரி ஆசிரியராகி, 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயத்தில் பனி அதிகமானால் பருவமழை பொய்க்கும் என்று 1884-ல் எழுதியவரும் அவர்தான். ஐஸ் அவரை விடவில்லை. கல்லில் ஆரம்பித்தவர் வானத்துக்குப் போனார், வானத்தில் ஆரம்பித்தவர் வந்து கல்லின் வழக்கை முடித்தார். நடுவில் இருந்த தொழில்முறைப் புவியியலாளர்கள் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாய்தா என்பது மிகையில்லை. 1926-ல் நியூயார்க்கில் கூடி வேகனரைக் கிழித்தார்கள். எந்த விசை கண்டத்தைத் தள்ளியது என்று கேட்டார்கள். அவரிடம் அதற்கு நல்ல பதில் இல்லை, அது உண்மை. ஆனால் கேட்டவர்களிடம் பனிக்குப் பதில் இல்லை, அதுவும் உண்மை. வேகனர் 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தில் ஆய்வுக்குப் போன இடத்தில், ஐம்பது வயது முடிந்த சில நாட்களில் இறந்தார். உடல் இன்னும் அந்தப் பனிக்குள்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பெய்லி வில்லிஸ் 1932-ல், முழுக் கண்டம் வேண்டாம், ஒல்லியான நிலப்பாலம் போதும் என்று மறுபடி கடலில் கட்டுமானப் பணியைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவின் அலெக்ஸ் டு டாய்ட் மட்டும் தன் ஊர் ட்வைக்கா பாறையைக் கையில் வைத்துக்கொண்டு, 1937-ல் அலையும் கண்டங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அதை வேகனரின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். 1960-களில் கடல்தரை விரிகிறது என்று காந்தக் கணக்கு வந்த பிறகுதான் மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள். பிளான்போர்டு அறிக்கைக்குப் பிறகு நூறாண்டுக்கு மேல்.

சேர்த்து வைத்த அந்த வரைபடத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கச் சொல்கிறேன். இந்தியா தென்துருவத்துக்கு அருகே பனிப் போர்வைக்குள் கிடந்த சமயத்தில், இங்கிலாந்து பூமத்திய ரேகைப் பக்கம் சதுப்புக் காட்டில் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காடுதான் அவர்கள் ஊர்க் கரி. இந்திய வெயில் தாங்கவில்லை என்று சிம்லாவுக்கும் ஊட்டிக்கும் ஓடிய துரைமார்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பனி உருகியபின் அதே தால்ச்சேரில் குளோசாப்டெரிஸ் காடுகள் வளர்ந்து, மட்கிக் கரியானது. அண்ணன் தம்பியை எதற்காக அனுப்பினார்களோ அந்தக் கரி இன்று நாட்டின் மிகப்பெரிய நிலக்கரி வயல்களில் ஒன்று. பிராமணிக் கரையில் அனல்மின் நிலையம் இரவு பகலாக அதை எரித்துக்கொண்டிருக்கிறது. ஐஸின் தலைமேல் உட்கார்ந்திருந்த கரியை எரித்து, உலகில் மிச்சம் இருக்கும் ஐஸையும் கரைத்து வருகிறோம். கும்பினிக்குக்கூட இவ்வளவு முழுமையான யோசனை இருந்ததில்லை.

சந்திரபூருக்குத் தமிழர்கள் போவது தாடோபா காட்டில் புலி பார்க்க. புலி தரிசனம் கொடுப்பதும் கொடுக்காததும் அதன் இஷ்டம். இராய் பக்கத்துப் பாறைக்கு அந்தப் பிகு கிடையாது. ஒரு நாள் ஒதுக்கிப் போய் மெருகேறிய தளத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: சாவியையோ ஆணியையோ எடுத்து உங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் அதில் பொறிக்காதீர்கள். அந்தக் கல்லில் கீற வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே கீறியாகிவிட்டது.